டெல்பினுக்குச் சிவப்பு அட்டை எழுதியவள் பேசுகிறேன்

அந்தி சாய்ந்து, அலை தணிந்து, ஆலய மணியும் பாங்கொலியும் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றில் கரைந்த இந்த வேளையில் அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வெள்ளாங்குளத்துக் கதிர்காமு ஐயா அவர்களே. முன்வரிசையை நிறைத்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பள்ளிவாசல் நிர்வாகத்துப் பெரியவர்களே, திருக்கேதீஸ்வரத்தில் இருந்து பஸ் மாறி வந்த ஆசிரியப் பெருமக்களே. மறிச்சுக்கட்டியில் இருந்து விடியுமுன் புறப்பட்ட மாணவிகளே, அவர்களைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்த தந்தையரே. வலை இழுத்த கை காயுமுன் கைதட்ட வந்திருக்கும் கரையோரத்துச் சகோதரர்களே. அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்போடு பிளாஸ்ரிக் கதிரையின் நுனியில் அமர்ந்திருக்கும் என் தாய்மாரே. எல்லோருக்கும் மேலாக, கடலின் அந்தக் கரையில் இருந்து வந்திருக்கும் இந்திய வேகநடை வீராங்கனை, தங்கச்சிமடத்துச் சகாய டெல்பின் அவர்களே. உங்கள் அனைவரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

என் பெயர் பெற்றிசியா. பேசாலையில் உடற்கல்வி ஆசிரியை. இன்றைய வரவேற்புரையை நான்தான் ஆற்றவேண்டும் என்று தலைவர் சொன்னபோது, "ஐயா, வேறை ஆரையும் கேளுங்கோ" என்றேன். "இல்லைப் பிள்ளை, நீங்கள்தான் பேசவேணும். அந்தக் கதையை வேறை ஆர் சொல்லுறது?" என்றார். அவர் சொன்ன கதை உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். ஆறு ஆண்டுகளுக்கு முன், கொழும்பில் நடந்த தெற்காசிய வேகநடைப் போட்டியில், தங்கத்துக்கு மிக அருகில் வந்துவிட்ட இந்த வீராங்கனையை வெளியேற்றிய மூன்றாவது சிவப்பு அட்டையை எழுதியவள் யார்? நான்தான். இதோ, ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் இந்தக் கைதான்.

பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விடுவது கேட்கிறது. விடுங்கோ அண்ணை. நானும் விட்ட பெருமூச்சுத்தான் அது.

வேகநடை என்றால் என்ன என்று தெரியாத தாய்மாருக்காக ஒரு வார்த்தை. ஓட்டத்தில் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் காற்றில் மிதக்கலாம். நடையில் மிதக்கக்கூடாது. ஒரு கால் எழுமுன் மறுகால் மண்ணைத் தொடவேண்டும். அதைக் கமரா கொண்டு பார்ப்பதில்லை. வீதியோரம் நிற்கும் நடுவர்கள் வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். முதலில் மஞ்சள் பலகை காட்டி எச்சரிப்போம். மீண்டும் கண்டால் சிவப்பு அட்டை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புவோம். மூன்று நடுவர்களின் மூன்று அட்டைகள் சேர்ந்தால், நடந்தவர் வெளியே போகவேண்டும். இருபது கிலோமீற்றர் தூரம், ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம், ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சும்போதும் ஓடாமல் இருக்கவேண்டும். நினைத்துப் பாருங்கள், எத்தகைய தவம் அது.

அந்தத் தவத்துக்குள் டெல்பின் எப்படி வந்தார்? தங்கச்சிமடத்தில் நண்டு உடைக்கும் கொம்பனியில் வேலைசெய்த தாய்க்கு மூன்றாவது மகள். பள்ளியில் மூவாயிரம் மீற்றர் ஓடினார். ஓடிய போட்டி எல்லாவற்றிலும் நாலாம் இடம். பதினேழு வயதில், மாவட்டப் போட்டி ஒன்றில் வேகநடைக்குப் பெயர் கொடுக்க ஆள் இல்லை. "யாராவது ஒருத்தி வா" என்றார்கள், போனார். இடுப்பு அசைய அசைய நடந்த பிள்ளையைப் பார்த்து மைதானம் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பற்றி அவரிடம் கேட்டேன். "சிரிச்சாங்கக்கா. ஆனா முன்னாடி யாருமே இல்ல. எனக்கு முன்னால வெறும் தடம் மட்டும்தான் இருந்துச்சு. அத நான் அதுக்கு முன்ன பாத்ததே இல்ல" என்றார்.

இராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கே, தனுஷ்கோடியையும் தாண்டி, அரிச்சல்முனைவரை ஒரு வீதி போகிறது. இடப்பக்கம் ஒரு கடல், வலப்பக்கம் ஒரு கடல். சுற்றுலா வாகனங்கள் வருமுன், விடியலின் வெள்ளை வெளிச்சத்தில், அந்த வீதியில் போகவும் வரவும் நடந்தால் பத்தொன்பது கிலோமீற்றர். நாள்தோறும் நடந்தார். பனிமூட்டம் உள்ள காலையில் கடல் எது, வானம் எது, வீதி எது என்று தெரியாதாம். தன் மூச்சும் தன் குதிகாலின் ஓசையும் மட்டுமே உலகில் மிஞ்சியிருக்குமாம். வீதி முடியும் இடத்தில் நின்று கிழக்கே பார்ப்பாராம். அங்கிருந்து கிழக்கே என்ன இருக்கிறது? முப்பது கிலோமீற்றர் கடல். அதற்கு அப்பால் நாங்கள். எங்கள் தலைமன்னார். எங்கள் கலங்கரை விளக்கு. அவர் அங்கே நடந்த காலைகளில் இங்கே எங்கள் மீனவர் வலை இழுத்துக்கொண்டிருந்தனர். இருவர் முகத்திலும் ஒரே காற்றுத்தான் பட்டது.

பத்தொன்பது வயதில் மாநிலத்தில் வெண்கலம். இருபத்திரண்டில் ரயில்வேயில் வேலை. இருபத்து மூன்றில் தேசியப் பயிற்சி முகாம். வீட்டுக்குப் போகாத நத்தார்ப் பெருநாள்கள் மூன்று. முழங்காலில் நோவு, ஐஸ்கட்டி, மறுபடி நடை. இருபத்தாறு வயதில், நெஞ்சில் தன் நாட்டின் பெயரைத் தாங்கிக் கொழும்புக்கு வந்தார்.

அந்தக் காலை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது. தூறல். கடற்கரையோர வீதி நனைந்து கண்ணாடிபோல் கிடந்தது. ஒரு கிலோமீற்றர் சுற்று, இருபது தடவை. கிழக்கு வளைவில் நான் தனியே நின்றேன். பதினாறு சுற்று முடிந்தபோது டெல்பின் நூறு மீற்றர் முன்னே இருந்தார். அறிவிப்புப் பலகையில் அவர் இலக்கத்துக்கு நேரே ஏற்கெனவே இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

பதினேழாம் சுற்றில் என் வளைவுக்கு வந்தார். முகத்தில் ஒரு விசித்திரமான அமைதி. தூக்கத்தில் சிரிக்கும் குழந்தைக்கு இருக்குமே, அந்த அமைதி. கால்களைப் பார்த்தேன். இரண்டும் மேலே இருந்தன. மஞ்சள் பலகையைக் காட்டினேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. பதினெட்டாம் சுற்றிலும் வந்தார். மனதுக்குள் மன்றாடினேன்: மண்ணைத் தொடு பிள்ளை, மண்ணைத் தொடு. தொடவில்லை. நனைந்த வீதிக்கும் அவருடைய சப்பாத்துக்கும் இடையே ஒரு மெல்லிய வெளிச்சம் ஓடியது. அழகாக இருந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் கண்ட அழகான நடை அதுதான். அந்த அழகைப் பார்த்துக்கொண்டே அட்டையை எழுதினேன்.

பத்தொன்பதாம் சுற்றில் தலைமை நடுவர் சிவப்புப் பலகையைக் காட்டினார். டெல்பின் நின்றார். வீதியின் நடுவே நின்று, நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத் துணியின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாலு ஊசிகள். அழவில்லை. போட்டி முடிந்த பிறகு என்னைத் தேடி வந்தார்.

"அக்கா, எந்தக் கால்?" என்று கேட்டார்.

ஏச வருகிறார் என்றே நினைத்திருந்தேன். "இடது கால்தான் பிள்ளை முதல் எழும்பினது. வலது கால் வர நேரம் எடுத்தது" என்றேன்.

"சரிக்கா" என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு புகைப்படம் கைத்தொலைபேசி கைத்தொலைபேசியாகப் பறந்தது. அதில் டெல்பினின் காற்பெருவிரல் தரையில் இருந்தது, தெளிவாக. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழச்சியே துரோகம் செய்தாள் என்று எழுதினார்கள். மீன் வாங்கப் போனால், "ரீச்சர், கண்ணாடி மாத்தேல்லையோ?" என்று கேட்டார்கள். என் கணவர் கிறகரி ஒரு மீனவர்; இந்தியன் றோலர்ப் படகு தன் வலையை அறுத்த கதையைச் சொல்லாமல் ஒருவேளைச் சோறு உண்ணாதவர். அவரே அன்று கறிக்கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்தனீரே? எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்குது. நீர் கொஞ்சம் கண்ணை மூடியிருக்கலாம்தானே" என்றார். நாலு நாள் என்னோடு பேசவில்லை.

சிரிக்கிறார், பாருங்கள், அந்தத் தூணுக்குப் பக்கத்தில். சிரியுங்கோ. அந்த நாலு நாளும் எனக்குச் சிரிப்பாக இருக்கவில்லை.

மற்றவர் பேச்சைத் தாங்கலாம். என் கண்ணின் மீதே எனக்கு ஐயம் வந்ததே, அதை எப்படித் தாங்குவது? புகைப்படத்தை நூறு முறை பார்த்தேன். விரல் தரையில் இருந்தது. அப்படியென்றால் நான் கண்ட வெளிச்சம் எங்கிருந்து வந்தது? மழையின் மாயமா? கண்ணின் களைப்பா? கனவுகளில் கால்கள் வந்தன. முகம் இல்லாத கால்கள், மன்னார்க் கடலின் மேல், ஈரம் படாமல், ஓசை எழாமல் நடந்து போயின. நான் கரையில் பலகையோடு நிற்பேன். காட்டுவதா, விடுவதா என்று தெரியாது. நடுவர் பணியில் இருந்து விலகுவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

எட்டு மாதங்கள் கழிந்தன. ஒரு பிற்பகல், பாடசாலை மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத இலக்கத்தில் இருந்து ஒரு குரற்பதிவு வந்தது. சுண்ணாம்புக் கையோடு கேட்டேன். இன்னும் அதை அழிக்கவில்லை. அவருடைய அனுமதியோடு அப்படியே சொல்கிறேன்.

"அக்கா, டெல்பின் பேசுறேன். உங்க நம்பர இப்பதான் வாங்க முடிஞ்சுது. உங்கள எல்லாரும் ஏசுறாங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தப் போட்டோ பொய் இல்லக்கா, ஆனா அது வேற சுத்து. மழை வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. நீங்க பாத்த சுத்துல நான் தரையில இல்ல. எனக்கே தெரியும். அப்பீல் பண்ணலாம்னு மேனேஜர் சொன்னாரு, வேணாம்னுட்டேன். ஏன்னு பேப்பர்காரங்கள்ட்டயும் சொன்னேன், யாரும் போடல. அன்னிக்கு எனக்கு அந்த ரோடு கண்ணுக்குத் தெரியலக்கா. அரிச்சல்முனையில நடக்குற மாதிரி இருந்துச்சு. ரோடு முடியுற இடம் வந்துச்சு, நான் நிக்கவே இல்ல. தண்ணி மேலயே போய்க்கிட்டிருந்தேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு. தப்புன்னு தெரிஞ்சும் எறங்க மனசு வரல. நீங்க பாத்தது சரிதான்."

அன்பார்ந்தவர்களே, அந்தக் குரலைக் கேட்டு நான் அந்த மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தங்கத்தை இழந்தவர் அவர். ஆறுதல் சொல்லவேண்டியவள் நான். ஆனால் ஆறுதல் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது? எனக்காக ஒருவரும் பேசாத காலத்தில், என்னால் தோற்றவர் பேசினார். என் கண்ணை எனக்குத் திருப்பித் தந்தார்.

பிறகு அவர் என்ன செய்தார்? முகாமில் இருந்த இடம் போய்விட்டது. ஊருக்குத் திரும்பினார். நடையை முதல் எழுத்தில் இருந்து கற்றார். கடல் வற்றும் நேரத்தில், ஈரம் காயாத கரை மணலில் நடந்தார். மணல் பொய் சொல்லாது அல்லவா? இடது குதிகால் எங்கே பதிந்தது, வலது பெருவிரல் எங்கே விட்டது என்று குனிந்து குனிந்து பார்த்து, அலை வந்து அழித்த பின் மறுபடி நடந்தார். இருபது கிலோமீற்றருக்கு முன்பு எடுத்த நேரத்தைவிட ஆறு நிமிடம் கூடியது. தேசியப் போட்டியில் பதினான்காம் இடம். கூட நடந்தவர்கள் பதக்கங்களோடு படம் எடுத்துக்கொண்டபோது, இவர் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆண்டு. இரண்டு ஆண்டு.

ஒருநாள் தான் நடக்கும் காணொளியை எனக்கு அனுப்பிவைத்து, "பாத்துச் சொல்லுங்கக்கா" என்றார். நான் திறக்கவில்லை. "பிள்ளை, நான் திரும்ப வீதியில நிண்டால் உம்மைப் பாக்கவேண்டி வரும். இப்ப பாத்து உதவி செய்தால், பிறகு நான் நடுவர் இல்லை" என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது: "அப்ப திரும்ப வந்து நில்லுங்கக்கா."

விலகல் கடிதத்தை மீளப் பெற்றேன். ஆசிய மட்ட நடுவர் தேர்வு எழுதினேன். கொழும்பு நடந்து மூன்றாம் ஆண்டில், ஜப்பானில் ஒரு சிறு நகரத்தில், பங்குனி மாதக் குளிரில், ஆசிய வேகநடைப் போட்டிக்கு நடுவராக நின்றேன். பெயர்ப்பட்டியலைப் பார்த்தேன். சகாய டெல்பின், இந்தியா, வயது இருபத்தொன்பது. அதுவரை நாங்கள் நேரில் கண்டு பேசியது ஒரே ஒரு முறை. அதுவும் நாலு வார்த்தை.

வெண்பனி விலகாத காலை. வீதியோர மரங்களில் இலை இல்லை, மொட்டு மட்டும். பதினான்காம் கிலோமீற்றரில் அவருடைய இடது கால் தளம்பியது. காட்டினேன், மஞ்சள் பலகையை. அவர் பலகையைப் பார்த்தார். தலையை மெல்ல அசைத்தார். பதினெட்டில், வேறு நடுவர்கள் எழுதிய இரண்டு சிவப்புப் புள்ளிகள் அறிவிப்புப் பலகையில் ஏறின. அப்போது அவர் மூன்றாம் இடம். வெண்கலம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் நாலாமவர் இவருடைய நிழலை மிதித்துக்கொண்டு வந்தார்.

கடைசிச் சுற்று. என் வளைவு. இருவரும் தோளோடு தோள். டெல்பினின் உடம்பு முழுவதும் எழத் துடித்தது. எனக்குத் தெரியும், அந்தத் துடிப்பை நான் ஒருமுறை பார்த்தவள். ஒரு நொடி எழுந்திருந்தால் வெண்கலம். அல்லது என் அட்டை. நான் கண் இமைக்கவில்லை. குதிகால் விழுந்தது. மண்ணில். அடுத்த குதிகால் விழுந்தது. மண்ணில். மற்றப் பெண் தாண்டிப் போனார். அவர் கால்களும் மண்ணில்தான் இருந்தன, அதையும் பார்த்தேன். டெல்பின் எழவில்லை. கடைசிவரை எழவில்லை.

மூன்று விநாடி வித்தியாசத்தில் நாலாம் இடம். வாழ்நாளில் அவர் நடந்த மிக விரைவான நேரம் அதுதான். எல்லைக்கோட்டுக்கு அப்பால் முழங்காலில் கை ஊன்றி நின்றவரிடம் போனேன். "இன்னிக்கு எந்தக் காலும் இல்லேல்லக்கா?" என்றார். "இல்லைப் பிள்ளை" என்றேன். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். பக்கத்தில் நின்ற ஜப்பானிய நடுவர் எங்கள் இருவருக்கும் கண் துடைக்க ஆளுக்கொரு துவாய் கொண்டுவந்து தந்தார்.

அந்த நேரம் அவரை உலகப் போட்டிக்குக் கொண்டு சென்றது. அங்கே இருபத்திரண்டாம் இடம். அட்டை ஒன்றுகூட இல்லை. பிறகு முழங்காலில் சத்திரசிகிச்சை. கடந்த மார்கழியில், முப்பத்திரண்டு வயதில், போட்டியில் இருந்து ஓய்வு. தங்கம் இல்லை, வெள்ளி இல்லை, வானொலியில் பெயர் இல்லை. என்றாலும் கேட்கிறேன், இந்தத் தீவில் எத்தனை பேருடைய வாழ்க்கையை இப்படி வெளிச்சத்தில் விரித்துக் காட்டலாம், ஒரு மடிப்பும் மறைக்காமல்?

எங்கள் விளையாட்டுக் கழகம் அழைத்தபோது உடனே சம்மதித்தார். முப்பது கிலோமீற்றர் கடலைக் கடக்க, தங்கச்சிமடத்தில் இருந்து மதுரை, மதுரையில் இருந்து விமானத்தில் கொழும்பு, கொழும்பில் இருந்து நாள்முழுக்க றெயில். இன்று காலை தலைமன்னார்ப் பழைய இறங்குதுறைக்கு அழைத்துப் போனேன். மேற்கே நெடுநேரம் பார்த்தார். "நான் தினமும் பாத்தது இங்க நின்ன உங்களத்தானா?" என்றார். கிறகரி அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு, "பிள்ளை, உனக்காக நான் இவவோட நாலு நாள் கதைக்காமல் இருந்தனான்" என்றார். "நீங்க அவங்கள்ட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்ணே" என்றார் டெல்பின். கிறகரி அந்த இறங்குதுறையிலேயே கேட்டார், ஆறு ஆண்டுக்குப் பிறகு. ஓம், கைதட்டுங்கோ. நானும் தட்டினேன்.

தாய்மாரே, இனி நான் உங்களோடுதான் பேசவேண்டும். நாளைக் காலை ஆறு மணிக்கு, தலைமன்னார் வீதியில், இந்த மாவட்டத்தின் முதலாவது மகளிர் வேகநடைப் பயிற்சி தொடங்குகிறது. நடத்துபவர் டெல்பின். நாற்பது பிள்ளைகளுக்கு இடம் உண்டு. நேற்றுவரை வந்த பெற்றோர் கையொப்பங்கள் ஒன்பது. ஏன் ஒன்பது? இடுப்பு அசையும் என்று. காற்சட்டை கட்டை என்று. சந்தியில் நிற்பவன் சிரிப்பான் என்று. இந்தக் காரணங்களைச் சொல்லி உங்களை ஏசத்தான் நான் குறிப்பு எழுதி வந்தேன்.

அந்தக் குறிப்பைக் கிழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

இன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. என் மகள் மதுஷிகாவுக்குப் பதினாறு வயது. அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். "நீ நடப்பியாம்மா?" என்று டெல்பின் கேட்டார். மதுஷிகா என்னைப் பார்க்காமல், "மூண்டு வரிசமாக் கேட்டுப் பாத்திட்டன் அன்ரி. அம்மா விடமாட்டா" என்றாள். டெல்பின் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

உண்மை அது. ஊரெல்லாம் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புங்கோ என்று படலை படலையாகத் தட்டியவள், என் பிள்ளையை அனுப்பவில்லை. படிப்புக் கெட்டுவிடும் என்று சொன்னேன். வெயில் என்று சொன்னேன். எல்லாம் பொய். வீதியின் நடுவே நின்று, நாலு ஊசியைக் கழற்றிய அந்தக் கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் என் மகளை நினைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மற்றத் தாய்மாரின் மகள்மாருக்கு அட்டை எழுதத் துணிந்தவளுக்கு, தன் மகள் ஒரு அட்டை வாங்குவதைத் தாங்கத் துணிவில்லை. இதைவிட வெட்கம் வேறு உண்டா? இதைச் சொல்லாமல், உங்களைப் பார்த்து அனுப்புங்கோ என்று சொல்ல எனக்கு என்ன உரிமை உண்டு?

தோற்காத பிள்ளையை யாராலும் பெற முடியாது, தாய்மாரே. தோற்ற பிறகு எந்தக் கால் என்று கேட்கும் பிள்ளையை வளர்க்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பிள்ளைக்கு முதலில் ஒரு வீதி வேண்டும். விடியலின் வெளிச்சம் வேண்டும். நடந்து நடந்து, தன் மூச்சைத் தானே கேட்கும் ஒரு காலை வேண்டும். அதை மறுக்க நாங்கள் யார்? நான் யார்?

பெயர் பதியும் மேசை வாசலில் இருக்கிறது. ஒரு படிவத்தை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். தலைவர் அவர்களே, உங்கள் பேனையைத் தாருங்கோ.

மதுஷிகா, எழும்பி நில் அம்மா. எல்லாரும் உன்னைப் பார்க்கட்டும்.

இதோ, பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், என் பெயரை எழுதுகிறேன். இது பத்தாவது. இன்னும் முப்பது இடம் இருக்கிறது.

பொறுமையோடு செவிமடுத்த சபையோருக்கும், இந்த மேடையைத் தந்த கழகத்தாருக்கும், கடல் கடந்து எங்கள் வீட்டுச் சோற்றை உண்ட சகாய டெல்பினுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒலிவாங்கி இனி அவருடையது. உங்கள் எல்லோர் வீட்டிலும் நல்ல விடியல் விடியட்டும். வணக்கம்.